பாதியில் நின்ற சோதனை: ஒரு ஹெலிகாப்டர் ஏன் சுழன்று விழுந்தது?

2015 ஜூலை 3. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைகளுக்கு நடுவே இருக்கும் ஃபிரிஸ்கோ என்ற சின்ன ஊர். அங்குள்ள மருத்துவமனையின் ஹெலிபேடிலிருந்து மதியம் ஒன்றரை மணி தாண்டியதும் ஓர் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் மேலே எழும்பியது. உள்ளே விமானியும் செவிலியர்கள் இருவரும். நோயாளி யாரும் இல்லை. ஜிப்சம் என்ற ஊருக்கு ஒரு மக்கள் தொடர்பு நிகழ்ச்சிக்காகக் கிளம்பியிருந்தார்கள், அவ்வளவுதான். தரையைவிட்டு எழும்பிய உடனேயே ஹெலிகாப்டரின் மூக்கு இடப்பக்கமாகத் திரும்ப ஆரம்பித்தது. அந்தத் திரும்பல் நிற்கவே இல்லை, சுற்றிக்கொண்டே மேலே ஏறி, சுற்றிக்கொண்டே கீழே வந்து, ஹெலிபேடுக்குப் பக்கத்தில் இருந்த வண்டிகள் நிறுத்தும் இடத்தில் ஒரு வாகனத்தின் மேல் மோதி விழுந்தது. எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். எரிபொருள் கொட்டித் தீப்பிடித்தது. விமானி இறந்துபோனார். செவிலியர்கள் இருவருக்கும் படுகாயம், அதில் ஒருவருக்கு உடம்பின் பெரும்பகுதி வெந்துபோயிருந்தது.

எஞ்சின் நிற்கவில்லை, இறக்கை உடையவில்லை. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்டிஎஸ்பி விசாரித்துவிட்டுச் சொன்ன காரணம் ஒரு சுவிட்சைப் பற்றியது. பறப்பதற்கு முன் செய்யும் ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்த) சோதனைக்காக அணைக்கப்பட்ட சுவிட்ச், சோதனை முடிந்ததும் திரும்பப் போடப்படவில்லை. "ஓ, பைலட் மறந்துட்டாரா" என்று இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்வது சுலபம். நிறையப் பேர் அப்படித்தான் நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு சுவிட்சை மறந்தால் ஹெலிகாப்டர் ஏன் சுழல வேண்டும், மறந்தது ஏன் அவருக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள வேறு வழி இருந்ததா, இந்த மூன்றும் புரிந்தால்தான் இந்த விபத்து புரியும். விமானம் பற்றி எதுவும் தெரியாதவர்களும் புரிந்துகொள்ளக்கூடிய விஷயம்தான், கொஞ்சம் பொறுமை வேண்டும்.

முதலில் வால் பக்கம் இருக்கும் அந்தச் சின்ன விசிறியைப் பார்ப்போம்.

ஹெலிகாப்டரின் மேலே சுற்றுவது பெரிய ரோட்டர். அதை எஞ்சின் ஒரு பக்கமாகச் சுழற்றும்போது, நியூட்டன் சொன்னபடி, உடல் மறுபக்கமாகச் சுழலப் பார்க்கும். தரையில் நிற்கும்வரை பிரச்சினை இல்லை, அடியில் இருக்கும் சறுக்குக் கால்கள் தரையைப் பிடித்துக்கொள்ளும். காற்றில் எழும்பிய நொடியில் பிடிப்பு போய்விடுகிறது. அப்போது உடலைச் சுற்றவிடாமல் நேராக வைத்திருப்பது வால் ரோட்டர் மட்டும்தான். அது பக்கவாட்டில் காற்றைத் தள்ளி, உடல் திரும்பப் பார்ப்பதற்கு எதிர்த்திசையில் வாலை அழுத்திக்கொண்டே இருக்கும். எவ்வளவு தள்ள வேண்டும் என்பதை விமானி தன் இரண்டு கால்களால் தீர்மானிக்கிறார். காலடியில் இரண்டு பெடல்கள். ஒன்றை அழுத்தினால் வால் ரோட்டர் இறக்கைகளின் சாய்வு கூடும், தள்ளுவிசை கூடும். மற்றதை அழுத்தினால் குறையும்.

ஃபிரிஸ்கோவில் விழுந்தது ஏஎஸ்350 பி3இ என்ற வகை, இப்போது ஏர்பஸ் அதை எச்125 என்ற பெயரில் விற்கிறது. நல்ல இயந்திரம். 2005 மே மாதத்தில் எவரெஸ்ட் உச்சியில் தரையிறங்கிச் சாதனை படைத்தது இதே குடும்பத்தைச் சேர்ந்த பி3 வகைதான், ஓட்டியவர் திதியே தெல்சால். பிரெஞ்சு வடிவமைப்பு என்பதால் மேலிருந்து பார்த்தால் இதன் ரோட்டர் கடிகாரச் சுற்றில் சுழலும், அமெரிக்க ஹெலிகாப்டர்களில் பெரும்பாலும் இதற்கு நேரெதிர். ரோட்டர் கடிகாரச் சுற்றில் போவதால் உடல் இடப்பக்கம் திரும்பப் பார்க்கும், அதைத் தடுக்க விமானி வலது பெடலை அழுத்த வேண்டும். மேலே எழும்ப எஞ்சினிடமிருந்து எவ்வளவு சக்தி கேட்கிறோமோ அவ்வளவுக்கு வலது பெடலும் உள்ளே போக வேண்டும். அன்றைக்கு மூக்கு இடப்பக்கமாகத்தான் சுற்றியது. வலது பெடல் போதுமான அளவு உள்ளே போகவில்லை.

ஏன் போகவில்லை? பெடல் கனத்துக் கிடந்தது.

வேகமாகச் சுற்றும் வால் ரோட்டர் இறக்கையைச் சாய்த்துப் பிடிப்பது லேசான வேலை இல்லை. அது தட்டையாகத் திரும்பிக்கொள்ளவே பார்க்கும். காலால் மட்டும் அதை எதிர்த்துப் பிடிப்பது கஷ்டம் என்பதால், நடுவில் ஹைட்ராலிக் அழுத்தத்தில் இயங்கும் சர்வோ என்ற உதவிக் கருவியை வைத்திருக்கிறார்கள். கால் லேசாகச் சொன்னால் போதும், தள்ளும் வேலையை எண்ணெய் அழுத்தம் பார்த்துக்கொள்ளும். கார் ஓட்டுகிறவர்களுக்கு இது உடனே புரியும்: எஞ்சின் அணைந்த காரில் பவர் ஸ்டீயரிங் எப்படி இறுகிப்போகிறதோ, ஹைட்ராலிக் இல்லாத பெடலும் அப்படித்தான்.

சரி, ஹைட்ராலிக் போனால் என்ன செய்வது என்று வடிவமைத்தவர்கள் யோசிக்காமல் இல்லை. அழுத்தத்தைச் சேமித்து வைத்திருக்கும் ஒரு துணை அமைப்பு வால் பக்கத்தில் இருக்கிறது. பறக்கும்போது ஹைட்ராலிக் நின்றுபோனால், சேமித்து வைத்த அந்த அழுத்தம் பெடலின் கனத்தைக் குறைத்துக் கொடுக்கும், விமானி சமாளித்து இறங்கிவிடலாம். அதாவது இது மாற்று ஏற்பாடு. மாற்று ஏற்பாடு வேலை செய்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும் அல்லவா, அதற்குத்தான் பறப்பதற்கு முந்தைய அந்தச் சோதனை.

சோதனை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, ஹெலிகாப்டர் தரையில் நிற்கிறது. விமானியின் இடது கையில் கலெக்டிவ் என்ற நெம்புகோல், அதை உயர்த்தினால்தான் ஹெலிகாப்டர் எழும்பும். அந்த நெம்புகோலிலேயே வால் சர்வோவுக்கான ஹைட்ராலிக் சுவிட்ச் இருக்கிறது. அதை அணைக்க வேண்டும். சர்வோவுக்கு எண்ணெய் அழுத்தம் நின்றுவிடும். பெடலை அசைத்து, துணை அமைப்பு உதவுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு வேறொரு பட்டன் மூலம் துணை அமைப்பில் சேர்ந்திருக்கும் அழுத்தத்தையும் வெளியேற்றிப் பெடல் கனக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாம் எதிர்பார்த்தபடி இருந்தால் பட்டனைப் பழையபடி விட்டு, சுவிட்சையும் திரும்பப் போட வேண்டும். இந்தக் கடைசி வேலைதான் அன்றைக்கு நடக்கவில்லை என்று என்டிஎஸ்பி முடிவுக்கு வந்தது.

இந்தச் சோதனை மற்றச் சோதனைகள் மாதிரி இல்லை. எண்ணெய் அளவைப் பார்ப்பது, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்ப்பது, இதெல்லாம் வெறும் பார்வை. பார்க்க மறந்தாலும் இயந்திரம் இருந்தபடியே இருக்கும். இந்த ஹைட்ராலிக் சோதனையோ இயந்திரத்தின் நிலையையே மாற்றுகிறது. நன்றாக இருக்கும் ஹெலிகாப்டரை எடுத்து, அதன் முதன்மை உதவியையும் நிறுத்தி, துணை உதவியையும் காலிசெய்து, பறக்கக் கூடாத நிலைக்குக் கொண்டுபோய், அப்புறம் பழைய நிலைக்குத் திருப்பிக் கொண்டுவருகிறது. நடுவில் நின்றுவிட்டால் அந்தப் பறக்கக் கூடாத நிலையிலேயே ஹெலிகாப்டர் இருக்கும். அன்றைக்கு அந்தச் சோதனையை அவர் தொடங்காமலே கிளம்பியிருந்தால் சுவிட்ச் போட்டபடியே இருந்திருக்கும், பெடலும் லேசாகவே இருந்திருக்கும். சோதனையே வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பாதியில் விட்ட சோதனை, செய்யாத சோதனையைவிட ஆபத்தாக முடிய இடம் கொடுத்த அந்த நடைமுறையைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மறந்தது அவருக்கு ஏன் தெரியவில்லை என்பது அடுத்த கேள்வி. பி3இ-யில் இரட்டை ஹைட்ராலிக் அமைப்பு இருக்கிறது. பெரிய ரோட்டரின் சர்வோக்களுக்கு இரண்டு சுற்றுகளிலிருந்தும் அழுத்தம் வரும், வால் சர்வோவுக்கு ஒன்றிலிருந்து மட்டும். அந்த சுவிட்ச் துண்டிப்பது வாலை மட்டும்தான். ஆகவே கைகளில் இருக்கும் இரண்டு கட்டுப்பாடுகளும் வழக்கம்போல லேசாகவே இருக்கும். கை எதையும் சொல்லாது, கால் மட்டும்தான் சொல்ல முடியும். ஆனால் தரையில் நிற்கும்போது வலது பெடலை அழுத்தவேண்டிய அவசியமே பெரிதாக இல்லை, சறுக்குக் கால்கள் தரையைப் பிடித்திருக்கின்றன, எஞ்சினிடம் சக்தியும் அதிகம் கேட்கவில்லை. பெடல் எவ்வளவு கனம் என்பது முழுசாகத் தெரியவருவது, கலெக்டிவை உயர்த்திச் சக்தியைக் கூட்டி, கால்கள் தரையைவிட்டுப் பிரியும் அந்த நேரத்தில். அதாவது, விஷயம் தெரியும்போது ஏற்கெனவே காற்றில் இருக்கிறோம்.

அப்படியானால் விளக்கோ மணியோ எச்சரித்திருக்க வேண்டாமா? வேண்டும். என்டிஎஸ்பி தன் அறிக்கையில் காரணமாக முதலில் நிறுத்தியதே இந்த இரண்டையும்தான்: வால் ரோட்டரின் ஹைட்ராலிக் அழுத்தத்தைக் காலிசெய்யும்படி அமைந்த அந்தச் சோதனை முறை, அழுத்தம் திரும்பி வரவில்லை என்பதை விமானியின் கண்ணில் படும்படி எச்சரிக்கும் ஏற்பாடு இல்லாதது. விமானி சுவிட்சைப் போடத் தவறியது அதற்குள் ஒரு பகுதியாகத்தான் வருகிறது. இந்த வரிசை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இறந்தவர் பல்லாண்டு அனுபவம் உள்ளவர், கற்றுக்குட்டி இல்லை. அனுபவசாலிகளும் மறப்பார்கள். ஒரு வேலையின் முக்கியமான பகுதி முடிந்ததும் மனம் அடுத்ததற்குத் தாவிவிடும், கடைசியில் மிச்சமிருக்கும் "பழையபடி வைத்துவிடு" என்ற சின்ன வேலை நழுவிவிடும். நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் கீ டிஸ்மியூக்ஸும் அவருடன் இருந்தவர்களும் விமானிகளின் இந்த வகை மறதியைத்தான் பல வருடங்கள் ஆராய்ந்தார்கள். பிறகு செய்ய வேண்டியது என்று மனத்தில் வைத்திருக்கும் வேலைதான், நடுவில் யாராவது கூப்பிட்டாலோ வேறு ஏதாவது குறுக்கிட்டாலோ முதலில் தவறிப்போகிறது. திறமைக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு.

ஆனாலும் ஒரு கடைசி வாய்ப்பு இருந்தது. ஹெலிகாப்டர் கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுப்பது இது: தரையைவிட்டு எழும்பியதும் நேராகப் பறந்துவிடாதே, ஓர் ஆள் உயரம்கூட வேண்டாம், கொஞ்சம் மேலே எழும்பி அப்படியே அந்தரத்தில் நில். இதற்கு ஹோவர் சோதனை என்று பெயர். நின்றபடி எஞ்சின் அளவீடுகளைப் பார்க்க வேண்டும், கையிலும் காலிலும் எல்லாம் சொன்னபடி கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏதாவது சரியில்லை என்றால் அந்த உயரத்திலிருந்து கலெக்டிவைத் தாழ்த்தி அப்படியே கீழே வைத்துவிடலாம், அதிகம் போனால் சறுக்குக் கால் வளையும். ஃபிரிஸ்கோவில் இந்த ஹோவர் சோதனை செய்யப்படவில்லை, செய்திருந்தால் பெடல் கோளாறு பத்திரமாக இறங்கக்கூடிய உயரத்திலேயே தெரிந்திருக்கும் என்று என்டிஎஸ்பி சொன்னது. உயரம் கூடியபிறகு கதை வேறு. கலெக்டிவைத் தாழ்த்தினால் சுழற்சி குறையும், ஆனால் ஹெலிகாப்டர் இறங்கும். உயர்த்தினால் இறங்குவது நிற்கும், சுழற்சி கூடும். சுழலும் அறைக்குள் உட்கார்ந்துகொண்டு இதை யோசிக்கக் கிடைப்பது சில நொடிகள். அந்த நிலையில் இருந்த ஒருவரைப் பற்றி, "இடது கையில் இருந்த சுவிட்சை அப்போதாவது போட்டிருக்கலாமே" என்று பேசுவது நியாயமாகப் படவில்லை, சுவிட்ச்தான் காரணம் என்று அவருக்கு அந்த நொடியில் யார் சொல்வது?

ஹெலிகாப்டரைத் தாண்டியும் இதற்குப் பழைய வரலாறு உண்டு. 1935 அக்டோபர் 30 அன்று ஒஹாயோவின் ரைட் ஃபீல்டில் போயிங் மாடல் 299 என்ற புது குண்டுவீச்சு விமானம் சோதனைப் பறத்தலில் விழுந்து எரிந்தது. நிறுத்திவைத்த விமானத்தின் வால் பகுதிகள் காற்றில் ஆடாமல் இருக்கப் பூட்டி வைப்பார்கள், அந்தப் பூட்டைத் திறக்காமலே கிளம்பியிருந்தார்கள். ஓட்டிய மேஜர் பிளோயர் ஹில்லும் போயிங்கின் லெஸ்லி டவரும் உயிரிழந்தார்கள். செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதிய செக்லிஸ்ட் விமானிகளின் கையில் வழக்கமாக இடம்பிடித்தது அதற்குப் பிறகுதான்.

கிட்டத்தட்ட 80 வருடம் கழித்து, 2014 மே 31 அன்று மாசசூசெட்ஸின் பெட்ஃபோர்டில் ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட் இதே மாதிரிப் பூட்டைத் திறக்காமல் ஓடுபாதையில் ஓடி, எழும்ப முடியாமல் எல்லையைத் தாண்டிப் போய் எரிந்தது, ஏழு பேரும் இறந்தார்கள். அதே விமானம் அதற்கு முன் கிளம்பிய 175 தடவைகளின் பதிவுகளை விசாரணையாளர்கள் எடுத்துப் பார்த்தபோது, 98 சதவீதத்தில் கட்டுப்பாடுகளை முழுசாக அசைத்துப் பார்க்கும் சோதனை நடக்கவே இல்லை. அங்கே செய்யாமல் விடுவது பழக்கமாகிவிட்டிருந்தது. ஃபிரிஸ்கோவில் நடந்தது அது இல்லை, தொடங்கியது முடியவில்லை. செய்தியில் இரண்டுமே "பறக்கும் முன் சோதனையில் தவறு" என்று ஒரே வரியில் வரும், ஆனால் இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. பழக்கமாகிவிட்ட அலட்சியத்தைக் கண்காணிப்பால் பிடிக்கலாம். நழுவிப்போகும் கடைசி வேலையை எவ்வளவு கண்டித்தும் தடுக்க முடியாது, இயந்திரமும் நடைமுறையும்தான் அதைப் பிடிக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, தவறு விமானியின் கைக்கு வருவதற்கு முன்பே நடந்துவிடுவது. 2011 டிசம்பர் 7 அன்று லாஸ் வேகாஸ் அருகே மலைப்பகுதியில் ஒரு சுற்றுலா ஹெலிகாப்டர், இதே ஏஎஸ்350 குடும்பத்தில் பி2 வகை, திடீரென்று மேலே ஏறித் திரும்பி விழுந்தது, ஐந்து பேர் இறந்தார்கள். முந்தைய நாள் பராமரிப்பில் சர்வோவை மாற்றியபோது தேய்ந்துபோன பூட்டு நட்டையே மறுபடி போட்டிருக்கிறார்கள், அது கழலாமல் காக்கும் பிளவு ஊசி சரியாகப் போடப்படவில்லை அல்லது போடப்படவே இல்லை. அதிர்வில் நட்டு கழன்று, போல்ட் விழுந்து, விமானியின் கைக்கும் ரோட்டருக்கும் தொடர்பு அறுந்தது. வேலை பார்த்த மெக்கானிக்குக்கும் அதைச் சரிபார்த்தவருக்கும் போதுமான தூக்கம் இல்லை என்பதையும், செய்ய வேண்டிய வேலைகள் படிப்படியாகத் தெளிவாகப் பிரித்து எழுதப்படவில்லை என்பதையும் என்டிஎஸ்பி குறிப்பிட்டது. அன்று மாலை மேலே இருந்த விமானி என்ன செய்திருந்தாலும் பலன் இருந்திருக்காது.

ஃபிரிஸ்கோவுக்குப் பிறகு நடந்த மாற்றங்களில் எனக்கு மிகவும் சரியாகப் படுவது ஒன்று. ஐரோப்பிய, அமெரிக்க விமானப் பாதுகாப்பு அமைப்புகள் 2015-லேயே கட்டாய உத்தரவுகள் போட்டன. வால் பக்கத் துணை அமைப்பைச் சோதிக்கும் அந்த வேலை பறப்பதற்கு முன் செய்யும் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டு, பறந்து முடித்தபின் செய்யும் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. யாரையும் கண்டிக்கவில்லை, "இனிமேல் கவனமாக இருங்கள்" என்று சுற்றறிக்கை விட்டுக் கைகழுவவில்லை. அழுத்தத்தைக் காலிசெய்யும் வேலை ஒரு நாளின் முடிவில் நடந்தால், கடைசி வேலை நழுவினாலும் அடுத்த நிமிடம் யாரும் மேலே எழும்பப் போவதில்லை. கூடவே, கிளம்பும் முன் அந்த சுவிட்ச் முன்பக்கம், போட்ட நிலையில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் வரி கையேட்டில் சேர்ந்தது, விமானியின் கண்ணெதிரே ஒட்டும் அறிவிப்பும் வந்தது.

தீ விஷயத்துக்குத்தான் அதிக நாள் ஆனது. மோதினாலும் உடையாமல் எரிபொருளைத் தாங்கும் தொட்டி அமைப்பு இருந்திருந்தால் ஃபிரிஸ்கோவில் காயங்களின் கொடுமை குறைந்திருக்கும். ஆனால் அதைக் கேட்கும் 1994-ஆம் வருடத்து அமெரிக்க விதி, அதற்குப் பிறகு புதிதாகச் சான்றிதழ் வாங்கும் வடிவமைப்புகளுக்கு மட்டும்தான் பொருந்தியது. ஏஎஸ்350 சான்றிதழ் வாங்கியது 1977-இல், ஆகவே எந்த வருடம் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தாலும் விதிவிலக்கு. 2018-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு அந்த ஓட்டையை அடைத்தது. 2020 ஏப்ரலிலிருந்து புதிதாகத் தயாராகும் ஹெலிகாப்டர்களுக்கு, வடிவமைப்பு எவ்வளவு பழசாக இருந்தாலும், அங்கே அந்தப் பாதுகாப்பு கட்டாயம். அதற்கு முன் தயாராகி இன்னும் பறந்துகொண்டிருப்பவற்றுக்கு அது பொருந்தாது.